அம்புக்குறியும் ஆவடி ரோடும்

கரையான்சாவடி சந்திப்பில் ஆவடி ரோட்டுப் பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் ஒரு ரெக்கவரி வண்டி ஓரமாக நிற்கும். லாரி பஞ்சராகிக் கிடந்தாலும், கார் பள்ளத்தில் இறங்கினாலும் இதைத்தான் கூப்பிடுவார்கள். முழுக்க மஞ்சள் பெயின்ட். பின்னால் ஒரு கிரேன் கை, அதில் துருப்பிடித்த சங்கிலி. பல வருஷமாகப் பார்க்கிற வண்டிதான், நின்று பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கியபோதுதான் கவனித்தேன். பம்பரில் மஞ்சள் உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரிகிறது. அந்தப் பச்சைக்கு மேலே, பாதி அழிந்த ஒரு அம்புக்குறி, மேல்நோக்கி.

வண்டிக்காரரிடம் கேட்டேன். "சக்திமான் சார். மிலிட்டரி வண்டி. ஏலத்துல எடுத்தது" என்றார். அவருடைய அப்பா காலத்தில் வாங்கியதாம். எப்படி வாங்கினீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "வாங்குறது பெரிய வேலை இல்ல சார். பணம் கட்டினா முடிஞ்சுது. கேட்டுக்கு வெளிய எடுத்து வீடு வந்து சேர்ற வரைக்கும்தான் உசுரு கையில இல்ல."

ஆவடியிலிருந்து கரையான்சாவடிக்கு பருத்திப்பட்டு, கோவர்த்தனகிரி, சென்னீர்குப்பம் வழியாக வந்தால் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம். இந்தத் தூரத்துக்கு ஒரு லாரிக்காரருக்கு ஏன் உசுரு போக வேண்டும்? அதைத் தேடப் போய், எண்பது வருஷக் கதை ஒன்று கிடைத்தது.

முதலில் அந்த அம்புக்குறி. ராணுவ வண்டிகளின் நம்பர் நம் நம்பர் மாதிரி டி.என். என்று தொடங்காது. ஒரு அம்புக்குறி, வண்டி வாங்கிய வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, வரிசை எண், முடிவில் இன்னோர் எழுத்து. வண்டி கவிழ்ந்தாலும் நம்பரை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று தெரிவதற்காக அம்புக்குறி வைத்தார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த அம்பு மோட்டார் வண்டிக்கு ரொம்ப மூத்தது. பிரிட்டிஷ் அரசின் சொத்து என்று காட்ட பீரங்கி, பீப்பாய், மரக்கட்டை, சர்வே கல் என்று எல்லாவற்றிலும் பொறித்த முத்திரை அது. இங்கிலாந்தில் கைதிகளின் உடுப்பில்கூட அந்த அம்பைப் போட்டார்கள். 'இது ராஜாவின் சாமான், கை வைக்காதே' என்று அர்த்தம். ராஜா போய்விட்டார், அம்பு நம் ராணுவத்தோடு தங்கிவிட்டது.

சட்டத்தில் இந்த அம்புக்கு நிகரானது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவு. நாட்டின் பாதுகாப்புக்குப் பயன்படும் மத்திய அரசு வண்டிகளை, அரசு நியமிக்கிற ஓர் அதிகார அமைப்பு தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவான வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு தேவையில்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. வண்டி மத்திய அரசின் சொத்தாக இல்லாமல் போகிற கணத்திலேயே 39, 40-வது பிரிவுகள் அதற்குப் பொருந்தும். 39 என்ன சொல்கிறது? பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக்கூடாது, சொந்தக்காரர் ஓட்ட விடவும் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம்ம வண்டிக்காரரின் கவலை புரியும். ஏலத்தில் எடுத்து விற்பனைக் காகிதம் கைக்கு வந்த நிமிஷம் அம்பு நம்பர் செத்துவிடுகிறது. புது நம்பர் இன்னும் பிறக்கவில்லை. இருபது வருஷம் லடாக்கிலும் ராஜஸ்தானிலும் ஓடிய வண்டி, டிப்போ கேட்டைத் தாண்டும்போது பேர் வைக்காத பிள்ளை.

இந்தப் பிள்ளைகள் ஏன் நம்ம பக்கம் இத்தனை? அதற்கு ரோட்டைப் பார்க்க வேண்டும். பூந்தமல்லி, கம்பெனி காலத்திலிருந்தே பட்டாளத்து ஊர். பரங்கிமலையில் பீரங்கிப் படை. இரண்டையும் இணைத்தது இன்றைக்கும் 'மவுன்ட்-பூந்தமல்லி ரோடு' என்று நாம் சொல்கிற ரோடு. மெட்ரோ தூண்களுக்குக் கீழே அதே வழியில்தான் இன்று ஊர்ந்துகொண்டிருக்கிறோம். அந்த ரோட்டிலிருந்து வடக்கே ஆவடிக்குப் பிரிகிற இடம் கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம், சில ஊர்களில் வரி வசூலிக்கிற இடமும்கூட. வண்டி நின்று கணக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடம் என்று வைத்துக்கொண்டால் நம்ம கதைக்கு ரொம்பப் பொருந்துகிறது.

ஆவடி ராணுவத் தளமானது இரண்டாம் உலகப் போரில். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன, விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் காலியாக, சுற்றுவட்டாரம் பட்டாளத்தால் நிரம்பியது. ஆவடியின் பரந்த வெட்டவெளியும் ரயில் பாதையும் டிப்போவுக்கு வசதி. அந்தக் காலத்து மிச்சம் இன்னும் ரயில்வே டைம்டேபிளில் இருக்கிறது: 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்'. தினமும் அதில் ஏறி வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பேரை யோசித்திருப்பார்கள் என்று தெரியாது.

இங்கே ஒரு சின்ன விலகல். ஆவடி என்பது ஊர்ப் பெயரே இல்லை, 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம் என்று ஒரு கதை இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார்களே சொல்கிறார்கள். டேங்க் தயாரிக்கும் எச்.வி.எஃப். வந்தது 1961-ல், முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது 1965-ல். ஆனால் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது 1955 ஜனவரியில், ஆவடியில். டேங்க் தொழிற்சாலை வருவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே உலகத்துக்கே ஆவடி தெரியும். சுருக்கக் கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

போர்க்கால வண்டிகள் எப்படிப்பட்டவை? கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே அச்சில் செய்த ராணுவ லாரிகள், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கப் போனவை. கனடா அந்தப் போரில் மட்டும் 8 லட்சம் ராணுவ வண்டிகளுக்கு மேல் செய்து தள்ளியது. அவற்றில் பிற்கால மாடல்களைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம்: முன்கண்ணாடி நம் லாரிபோல் பின்னால் சாயாமல், மேல்பக்கம் முன்னால் நீட்டி நிற்கும். வெயில் கண்ணாடியில் பட்டு மேலிருந்து வரும் விமானத்துக்கு மின்னக்கூடாது என்பதற்காக. கூடவே அமெரிக்காவின் ஜி.எம்.சி. ஆறு சக்கர லாரிகள், வில்லிஸ் ஜீப்புகள். ஜீப் மட்டும் 6 லட்சத்துக்கு மேல்.

போர் முடிந்தது. பர்மா எல்லைக்கும் அசாமுக்கும் என்று குவித்த வண்டிகளை என்ன செய்வது? கப்பலில் திருப்பி எடுத்துப் போகிற செலவில் புதிதே வாங்கலாம். 1946 மே மாதம் அமெரிக்காவோடு கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம் ஆனது. அமெரிக்கர் விட்டுவிட்டுப் போன உபரிச் சாமான்கள் இந்திய அரசின் கைக்கு வந்தன. அவற்றை விற்பதற்கென்றே டிஸ்போசல்ஸ் இலாகா. நம் ஊர்ப் பேச்சில் 'டிஸ்போசல் லாரி', 'டிஸ்போசல் கம்பளி', 'டிஸ்போசல் தார்ப்பாய்' என்று அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது. மலிவு, கனம், கிழியாது என்று மூன்று அர்த்தமும் அதில் உண்டு.

அன்றைக்கு லாரிக்கு இருந்த பஞ்சத்தை இப்போது நினைத்துப் பார்ப்பது கஷ்டம். 1941-லிருந்து பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டினார்கள். அந்த 'கேஸ் பிளான்ட்'டைச் செய்து கொடுத்தவர்களில் மதுரை டி.வி.எஸ்.ஸும் உண்டு. மலாயா விழுந்ததும் ரப்பர் போனது, டயருக்கும் கட்டுப்பாடு. ஐந்தாறு வருஷமாகப் புது லாரியே கண்ணில் படாத வியாபாரிக்கு, டயரோடு சேர்த்து ஒரு ராணுவ லாரி ஏலத்துக்கு வருகிறது என்றால் எப்படி இருக்கும்.

ஆனால் அப்போதும் ஏலம் பாதி வேலைதான். 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் புதுசு. ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டும், வாடகைக்குச் சரக்கு ஏற்ற பெர்மிட் வேண்டும். பெர்மிட் தருவது போக்குவரத்து அதிகாரிகளின் கையில். இந்த இடத்தில் பிலிப்பைன்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. மணிலாவில் அமெரிக்கர் விட்டுப்போன ஜீப்புகளை ஜனங்கள் நீட்டி, கூரை போட்டு, இரண்டு பக்கமும் பெஞ்ச் வைத்து, கலர் கலராக பெயின்ட் அடித்து 'ஜீப்னி' ஆக்கினார்கள். வண்டி முதலில் ரோட்டுக்கு வந்தது, அரசு பின்னால் வந்து ஒழுங்குபடுத்தியது. நம் ஊரில் சட்டம் முன்னாலேயே வந்து கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அதனால் நம் டிஸ்போசல் வண்டிகள் திருவிழாத் தேர் மாதிரி ஆகவில்லை. ஒழுங்காகப் பாடி கட்டி, நம்பர் எழுதி, மற்ற லாரிகளோடு லாரியாகக் கலந்துவிட்டன. அழகு குறைவுதான். ஆனால் சொந்தக்காரர் பெயர் புத்தகத்தில் ஏறியது, விபத்து நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரிந்தது. எனக்கு இதில் எது நல்லது என்று முடிவாகச் சொல்ல வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் மனம் மாறுகிறது.

அவற்றின் பெரிய குறை பெட்ரோல் பசி. போரில் பெட்ரோலுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை, வியாபாரத்தில் பார்த்தாக வேண்டும். பழைய பெட்ரோல் லாரிகளுக்குள் பொருத்தவே பெயர் வாங்கியது பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜின். பெர்கின்ஸ் என்ஜின்களை 1950-களில் சென்னையிலேயே சிம்ப்சன் கம்பெனி செய்ய ஆரம்பித்தது. கனடா சேஸி, இங்கிலாந்து டிசைனில் சென்னை என்ஜின், தச்சர் கட்டிய மரப் பாடி. அந்த லாரியின் பூர்வீகம் என்ன என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ஒரு தடயம் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. 1988 சட்டத்தின் 120-வது பிரிவு: இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியை, சரியாக வேலை செய்யும் சிக்னல் கருவி இல்லாமல் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த நாட்டில் இந்த ஒரு வரி எதற்கு? இடது ஸ்டியரிங் ஜீப்பில் உட்கார்ந்து கையை வெளியே நீட்டி சைகை காட்டினால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அமெரிக்க ஜீப்பை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிரிவின் அருமை புரியும்.

உபரி வண்டியை வாங்குவதில் சொந்த அரசே ஏமாந்த கதையும் உண்டு. 1948-ல், காஷ்மீர்ப் போருக்காக, லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் பழுது நீக்கிய பழைய ஜீப்புகள் 2,000-க்கு ஆர்டர் கொடுத்தார். பணத்தில் பெரும்பகுதி முன்னாலேயே போனது. வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓடுகிற நிலையில் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டு என்று அதைச் சொல்வார்கள். 1955-ல் அரசு விசாரணையை மூடிவிட்டது. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதே என்று நம் பக்கத்து லாரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அதே மேனன் 1957-ல் பாதுகாப்பு அமைச்சரானார். அவர் காலத்தில்தான் ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1959-ல் ஜபல்பூரில் ராணுவ லாரி தயாரிப்பு தொடங்கியது. அதுதான் சக்திமான். பழைய ஜீப்பில் பட்ட சூடுதான் சொந்த லாரிக்குக் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் காரணங்கள் அதைவிடப் பெரியவை, வெளிநாட்டை நம்பி இருக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துப் பொதுக் கொள்கை. எப்படியோ, 1996 வரை சக்திமான் வந்துகொண்டிருந்தது. கூடவே நிஸான் ஒரு டன் வண்டி, நிஸான் பேட்ரோலின் அச்சில் செய்த ஜோங்கா. ஜோங்கா என்பது ஜப்பானியப் பெயர் என்று நினைத்திருந்தேன். ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியது அது. பாருங்கள், ஆவடிக்குப் பொய்யான கதை இங்கே நிஜம். சக்திமானுக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தது நம் எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்டின் ஸ்டாலியன்.

சக்திமான் ஏன் ரெக்கவரி வண்டியாகிறது? நான்கு சக்கரத்துக்கும் இழுவை, தடித்த சேஸி, மெதுவாகப் போனாலும் சேற்றில் நிற்காது. சரக்கு ஏற்றி வேகமாகப் போக வேண்டியவருக்கு அது லாபமில்லை. நின்ற இடத்தில் நின்று பத்து டன்னை அசைக்க வேண்டியவருக்கு அதுபோல் கிடையாது. அதனால்தான் ஊர் ஊருக்கு கிரேன் ஷெட்டில் ஒரு பழைய ராணுவ வண்டி நிற்கும்.

சரி, கேட்டுக்கு வருவோம். இந்த விற்பனையை ரொம்ப காலம் கவனித்தது டி.ஜி.எஸ்.&டி. என்ற மத்திய அரசு இலாகா. அதன் பெயரிலேயே 'டிஸ்போசல்ஸ்' உண்டு. 2017 அக்டோபர் 31-ஓடு அதை மூடிவிட்டார்கள். இப்போது ஏலம் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. மூலம், ஆன்லைனில். 1964-ல் பழைய இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. யாரும் பதிவு செய்துகொண்டு, முன்பணம் கட்டி, ஏலம் கேட்கலாம். 'உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில்' என்பதுதான் நிபந்தனை. என்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் உடைந்திருக்கிறது என்று அப்புறம் புகார் சொல்ல முடியாது. அதனால் ஏலத்துக்கு முன் குறித்த நாளில் டிப்போவுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட வேண்டும்.

பார்க்க வேண்டியது வண்டியை மட்டுமல்ல, லாட் விவரத்தையும்தான். நம்ம வண்டிக்காரர் இதை மூன்று தடவை சொன்னார். ஓடுகிற வண்டியாக விற்கிறார்களா, பழைய இரும்பாக விற்கிறார்களா? இரும்பாக வாங்கினால் அது எவ்வளவு நன்றாக ஸ்டார்ட் ஆனாலும் இரும்புதான். அதற்குப் பதிவு கிடைக்காது.

வண்டியாக வாங்கினால் உயிர்நாடி படிவம் 21, விற்பனைச் சான்று. ஷோரூமில் வாங்கும் புது வண்டிக்கு டீலர் தருவதும் இதே படிவம்தான். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47-வது விதி, பதிவுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. அதில் முன்னாள் ராணுவ வண்டிக்கென்றே தனியாக ஒரு வரி: சம்பந்தப்பட்ட அதிகாரிகள் படிவம் 21-ல் தந்த அசல் விற்பனைச் சான்று. 'அசல்' என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. பதிவு விண்ணப்பமான படிவம் 20-லும் வண்டி புதியதா, முன்னாள் ராணுவ வண்டியா, இறக்குமதியா என்று குறிக்க இடம் விட்டிருக்கிறார்கள். அரசுக்கு இந்த வண்டிகள் விதிவிலக்கு இல்லை, எதிர்பார்த்த விருந்தாளி. அதே படிவத்தில் சேஸி நம்பரின் பென்சில் பிரின்ட் வேண்டும். சேஸியில் பொறித்த நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது. சான்றில் உள்ள நம்பரும் தேய்த்து எடுத்த நம்பரும் ஓர் இலக்கம் பிசகினாலும் போச்சு. டிப்போவில் நிற்கும்போதே தேய்த்துப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி அந்தப் பத்து கிலோமீட்டர். சட்டம் இரண்டு வழி விட்டிருக்கிறது. ஒன்று, 43-வது பிரிவின்படி தற்காலிகப் பதிவு. முன்பு ஒரு மாதம்தான் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம். அதோடு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். ஓட்டுகிறவருக்கு அந்த எடைக்கான லைசென்ஸ் வேண்டும்: 7,500 கிலோவுக்குள் என்றால் கார் லைசென்ஸ் வகை, ஜோங்காவும் ஒரு டன் நிஸானும் அதில் அடங்கும். சக்திமான் அடங்காது, கனரக லைசென்ஸ்தான். இரண்டாவது வழி, வண்டியை வண்டியாகவே கொண்டு வராமல் இன்னொரு ட்ரெய்லரின் மேல் ஏற்றுவது. அப்போது அது வெறும் சரக்கு, விற்பனைச் சான்றும் பில்லும் போதும். செலவு அதிகம், தூக்கம் நிம்மதி.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் செய்திருக்கிறார்கள்: விடியற்காலை நாலு மணிக்குச் சாவியைப் போட்டுக் கிளம்பிவிடுவது. நம்ம வண்டிக்காரரின் அப்பா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் இதில் அபராதம் சின்ன விஷயம். அந்த அரை மணி நேரத்தில் சென்னீர்குப்பத்தில் யாராவது சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டால்? இன்ஷூரன்ஸ் இல்லை, நம்பர் இல்லை, பிரேக் எப்போது பார்த்தது என்றே தெரியாது. அடிபட்டவரின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு முழுக்க வண்டி வாங்கியவர் தலையில். வாங்கியது லட்சத்தில், கட்ட வேண்டியது அதைப்போல் பல மடங்கு. வீட்டை விற்க வேண்டி வரும். 'உசுரு கையில இல்ல' என்றது இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பெயின்ட். அதே விதிகளில் 121-வது விதி, ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு எந்த மோட்டார் வண்டிக்கும் பூசக்கூடாது என்கிறது. ராணுவ வண்டி மாதிரியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். 2019-ல் தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிய படங்கள் வந்த பிறகு அந்த ஆசை நம்ம பையன்களுக்கும் வந்துவிட்டது. பச்சை, அம்பு, யூனிட் சின்னம் மூன்றும் போக வேண்டும். நம்ம வண்டி மஞ்சளானது அப்படித்தான். பம்பரில் மட்டும் சரியாகச் சுரண்டாமல் மேலேயே பூசிவிட்டார்கள்.

இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டே ஒரு மோசடியும் வளர்ந்திருக்கிறது. பழைய சாமான் விற்கும் இணையதளங்களில், ராணுவ உடுப்பில் ஒரு படம், 'டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, வண்டியை மலிவாகத் தருகிறேன், டெலிவரிக்கு முன்பணம் அனுப்புங்கள்' என்று ஒரு செய்தி. போலீஸ் எத்தனையோ முறை எச்சரித்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. யோசித்துப் பாருங்கள், ராணுவ வண்டியை ஒரு சிப்பாய் எப்படி விற்க முடியும்? அது அவர் வண்டியே இல்லையே. அம்புக்குறியின் அர்த்தம் தெரிந்திருந்தால் அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

இதையெல்லாம் இப்போது எழுதி வைக்க ஒரு அவசரம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு காலாவதி என்று மத்திய அரசு விதி கொண்டு வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டிகள் பதிவு பெற்ற ஸ்க்ராப் நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் களத்தில் பயன்படும் கவச வண்டிகள், சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. புகை, விபத்து என்று அரசு சொல்லும் காரணங்கள் நியாயமானவை. முப்பது வருஷ வண்டியின் பின்னால் ஆவடி ரோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 1946-ல் திறந்த கதவு இதனால் முக்கால்வாசி மூடுகிறது. ராணுவம் வேண்டாம் என்று சொல்லும்போது பெரும்பாலான வண்டிகளுக்கு வயது பதினைந்துக்கு மேல்தான் இருக்கும். இனி வருங்காலத்தில் ஸ்டாலியன்கள் கிரேன் ஷெட்டுக்கு வராமல் நேராக நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும்.

பழைய வண்டிகளைக் காப்பாற்ற 2021-ல் 'வின்டேஜ்' விதி ஒன்று வந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். தினசரி ஓட்டவோ, தொழிலுக்குப் பயன்படுத்தவோ கூடாது. ஆனால் அந்த விதி சொல்வது சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை. வில்லிஸ் ஜீப்புக்கும் பழைய ஜோங்காவுக்கும் அதில் இடம் கிடைக்கும். வேலை செய்து பிழைக்கிற சக்திமானுக்குக் கிடைக்காது. அழகான வண்டி பிழைக்கும், உழைத்த வண்டி உருகும்.

போன வாரம் திரும்பவும் அந்த வண்டிக்காரரைப் பார்த்தேன். அம்புக்குறியைப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். தாராளமா எடுங்க என்றார். பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எஃப்.சி., கடைசியில் மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய ஒரு பழைய தாளின் ஜெராக்ஸ். ராணுவ முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது.

"ஒரிஜினல் எங்கண்ணே?"

"வீட்ல பீரோவுல. பத்திரத்தோட இருக்கு" என்றார். வீட்டுப் பத்திரத்தோடு.